பத்த வச்சுட்டு வா

எங்கள் அய்யா அடிப்பதற்கு முன் பீடியைக் கீழே வைத்துவிடுவார். தூக்கி எறிய மாட்டார். ஆட்டுரல் விளிம்பில், கங்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பக்குவமாக வைப்பார். அதற்குப் பிறகுதான் அம்மாவின் பக்கம் திரும்புவார். பீடிக்குக் காட்டிய பக்குவத்தில் கால்வாசியை அம்மாவுக்குக் காட்டியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பீடி சிகரெட் மாதிரி இல்லை. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அவர் அடித்து முடிப்பதற்குள் அது அணைந்திருக்கும். அதை எடுத்து அடிபட்டவளிடமே நீட்டி, "பத்த வச்சுட்டு வா" என்பார். அம்மா உதட்டு ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். பீடியை வாயில் வைத்து, கொள்ளிக்கட்டையை அதன் நுனியில் கொடுத்து, ஓர் இழுப்பு இழுத்து, கங்கு பிடித்ததும் கொண்டுவந்து நீட்டுவாள்.

வாயில் வைத்து இழுக்காமல் பீடி பற்றாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் ஊரில் அதைப் பீடி குடிப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் மொண்டு கொடுப்பது, முதுகு தேய்த்துவிடுவது மாதிரி அதுவும் வீட்டுப் பெண் செய்கிற ஒரு வேலை. பால்பல் விழுந்த வயதில் நானே பற்ற வைத்துக் கொடுத்திருக்கிறேன். புரையேறி இருமினால் அய்யா சிரிப்பார். ஆனால் பீடி குடிக்கிற பொம்பளை என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அதற்கு அர்த்தம் வேறு. அப்படிப் பேர் வாங்கியவள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

எங்கள் நிலம் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மானாவாரி. மழை பெய்தால் கொத்தமல்லியும் கம்பும் வரும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் வரும், கூப்பிடாமலே வரும். நான் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் கருவேலத்தைத்தான். அதை வெட்டிக் கரி மூட்டம் போடுவதுதான் எங்கள் விவசாயம் என்று ஆகிப்போனது. கட்டைகளைக் கோபுரம் மாதிரி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் பூசி மெழுகி உள்ளே தீ வைப்பார்கள். தீ எரியக் கூடாது. உள்ளுக்குள்ளேயே வெந்து புழுங்க வேண்டும். உள்ளே காற்றுப் போனால் அத்தனையும் சாம்பல்.

வெட்டி அடுக்குவது ஆம்பளை வேலை, காப்பது பொம்பளை வேலை என்று அய்யா பிரித்து வைத்திருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வெட்டி அடுக்கித் தீ வைத்துவிட்டு அவர் டீக்கடைக்குப் போய்விடுவார். மூட்டம் அடங்கும் வரை அம்மா அதன் பக்கத்திலேயே கிடப்பாள். உள்ளே கட்டை வெந்து அமுங்க அமுங்க மேல்மண் வெடிக்கும். வெடித்த இடத்தில் புகை பீறிடும். அம்மா சேற்று உருண்டையை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, புகைக்குள் முகத்தைக் கொடுத்து அந்த வெடிப்பை அடைப்பாள். ஒன்றை அடைத்து இறங்குவதற்குள் இன்னொன்று வெடிக்கும். அவள் காறித் துப்பினால் கறுப்பாக விழும். வீட்டுக்கு வந்தால் ஜன்னல் இல்லாத அடுப்படியில் அதே கருவேல விறகுதான். அரசாங்கம் கொடுத்த கேஸ் சிலிண்டரின் மேல் நாங்கள் உப்புச் சாடியை வைத்திருந்தோம். காடு முழுக்க விறகு கிடக்கும்போது கேஸு எதற்கு என்பது அய்யாவின் கட்சி. சாப்பிட்டு அம்மா படுத்தால், பக்கத்தில் அவருடைய பீடி.

ஒருமுறை அம்மா காய்ச்சலில் கண் அயர்ந்துவிட்டாள். மூட்டத்தின் ஒரு பக்கம் வெடித்துக் காற்றுப் புகுந்து, பாதிக் கரி சாம்பலாகிவிட்டது. அய்யா கையில் கிடைத்த கருவேல விளாரால் அடித்தார். முள்ளோடு அடித்தார். முட்கள் முதுகுக்குள் ஒடிந்து தங்கிவிட்டன. நான் ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கும்போது அம்மா முனகவில்லை. முனகுவதற்கு மூச்சு வேண்டும். அவளுக்கு அப்போதே இளைப்பு தொடங்கியிருந்தது. முதுகு ஏறி இறங்குவதில் ஊசி குத்த வேண்டிய இடம் தப்பிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னும் அது போகவில்லை.

நான் பெரியவளாகி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, டவுனிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியபோது, அம்மாவால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏற முடியவில்லை. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டும். டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். இளைப்புக்கு எந்த மடையன் டாக்டரைப் பார்ப்பான், தூதுவளையைத் தின்னச் சொல் என்றார் அய்யா. நான் விடவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டவர், காவலுக்குத் தன் அக்காவைக் கூட அனுப்பினார். எனக்கு அவள் அத்தை. பக்கத்துத் தெரு. தம்பிக்கு ஒரு தும்மல் என்றால் அவளுக்கு ஜுரம் வரும்.

அருப்புக்கோட்டையில் நெஞ்சு டாக்டர் ஒருவர் இருந்தார். அம்மாவைப் பார்த்ததுமே, ஆவி பிடிக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்து என்னை ஓடச் சொன்னார். நான் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த அறையில் ஒரு பேச்சு நடந்து முடிந்துவிட்டது. அறையில் இருந்தது டாக்டர், அம்மா, அத்தை மூன்று பேர்தான்.

என்ன பேசினார்கள் என்று பஸ்ஸில் அம்மா சொன்னாள். கூட்டம். அத்தைக்கு முன்னால் சீட்டு கிடைத்தது. நாங்கள் இருவரும் கடைசிச் சீட்டில் இருந்தோம். மருந்தில் கொஞ்சம் மூச்சு விட்டிருந்ததால் அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. டாக்டர் ரொம்ப நல்ல மனுஷன் என்றாள். புகைப் பழக்கம் உண்டா என்று அவர் கேட்டாராம். உண்டு சார், வாக்கப்பட்ட நாளிலிருந்தே பழக்கம் என்றாளாம் இவள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்றாராம். அதற்கு ஏது கணக்கு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும்தான் என்றாளாம். அவர் அப்படியே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை விடாவிட்டால் மூச்சு நின்றுவிடும், மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இன்றோடு விட்டாக வேண்டும் என்று சத்தம் போட்டாராம். அவர் போட்ட சத்தத்தை அம்மா அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

"அவுககிட்ட நீயே சொல்லிரு. டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே மூட்டத்துப் பக்கம் நான் போகக் கூடாதுன்னு."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கேட்டது பீடியை, அம்மா சொன்னது மூட்டத்தை. உன்னைப் பீடி குடிக்கிறவள் என்று நினைத்துவிட்டாரம்மா என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, அது அடங்குவதற்குள் பாதி வழி வந்துவிட்டது. முன்சீட்டில் அத்தை திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். யாரிடம் திருத்த வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஊரில் இறங்கியதும் அத்தை தன் வீட்டுக்குப் போகவில்லை, டீக்கடைப் பக்கம் போனாள். நாங்கள் வந்து உலை வைத்தோம். அய்யா வந்தார். வாயிலிருந்த பீடியை எடுத்து ஆட்டுரல் விளிம்பில் வைத்தார்.

முதல் அடியில் அம்மா அடுப்பின் மேல் சாய்ந்தாள். சோற்றுப் பானை கவிழ்ந்து கொதிநீர் அவள் காலில் ஓடியது. முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினார். எதற்கு அடி விழுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வழக்கமாகத் தெரியும். குழம்பில் உப்பு, மூட்டத்தில் வெடிப்பு, எதிர்ப்பேச்சு என்று ஏதாவது ஒன்று இருக்கும். நான் குறுக்கே விழுந்தேன். புறங்கையால் என் காதில் ஓர் அறை விட்டார். அந்தக் காதில் இப்போதும் ஒரு ரீங்காரம் இருக்கிறது. அவர் அம்மாவின் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைப் பிடுங்கி உதறினார். ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் விழுந்தன.

இரண்டும் அவருக்காக வாங்கி வைத்தவை. காட்டில் வேலையாக இருக்கும்போது பீடி தீர்ந்துபோனால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அம்மா எப்போதும் ஒரு பீடிக்கட்டை இடுப்பில் வைத்திருப்பாள். தீப்பெட்டி மூட்டத்துக்கு. அவருக்கும் இது தெரியும். ஆனால் கோபத்தில் இருக்கிறவருக்குச் சாட்சி கிடைத்தால் போதும், அது யாருடைய சாட்சி என்று பார்ப்பாரா?

"யாருடி ஒனக்கு இந்தப் பழக்கத்தப் பழக்குனது?"

மிதித்துக்கொண்டே கேட்டார். அம்மா தரையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். சொல் வரவில்லை, காற்றும் வரவில்லை. பதில் வேண்டுமென்றால் அடியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அவர் நிறுத்திவிட்டு நின்றார். உலை நீர் அடுப்புக்குள் போய்ப் புகைந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான். பத்த வச்சுட்டு வான்னு சொன்னது யாரு? இழுக்காம எப்படிப் பத்தும்?"

அய்யா இன்னும் ஒரு மிதி மிதித்தார், ஆனால் அதில் பழைய வேகம் இல்லை. திரும்பி ஆட்டுரலுக்குப் போய்ப் பீடியை எடுத்தார். அணைந்திருந்தது. கை பழக்கத்தில் தானாக அம்மாவின் பக்கம் நீண்டது. பாதியில் அவருக்கே உறைத்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டு, கீழே கிடந்த தீப்பெட்டியைக் குனிந்து எடுத்து, தானே உரசிப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலமே நான் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். டாக்டர் கேட்டது இது, அம்மா சொன்னது இது, பீடி மட்டும்தான் புகை என்று நினைத்து அத்தை மூட்டிவிட்டது இது. அவருக்குப் புரிந்தது. புரியவில்லை என்று அவரே சொன்னாலும் நம்ப மாட்டேன். ஆனால் அடித்த பிறகு புரிந்துகொண்டால் அடித்தது தப்பாகிவிடும். அதனால் புரியாத மாதிரியே இருந்துவிட்டார். மறுநாள் காலையில் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. நாங்கள் டவுனுக்குப் போவதற்கு முன்பே தீ வைத்தது. அம்மா போக மாட்டாள், போனால் செத்துப்போவாள் என்றேன்.

"பீடிப் புகை ஒத்துக்கிற மேனிக்கு மூட்டப் புகை ஒத்துக்காதாக்கும்" என்று சொல்லி, அம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். வெந்த காலோடு அவள் முள்ளுக்காட்டில் இழுபட்டுப் போனாள். நான் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். வழியில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். புருசன் பொண்டாட்டி விவகாரம் என்றால் எங்கள் ஊருக்குப் பார்வை மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது.

மூட்டத்தின் தோளில் பெரிய வெடிப்பு ஒன்று விட்டிருந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. அய்யா சேற்று உருண்டையை அவள் கையில் திணித்து, அடைக்கச் சொல்லி முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். அம்மா சாத்தியிருந்த கட்டையில் கால் வைத்து ஏறினாள். புகை அவளை மூடிக்கொண்டது. இருமல் கேட்டது. பிறகு இருமலும் கேட்கவில்லை. செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது புகைக்குள்ளிருந்து சேற்று உருண்டை உருண்டு வந்து கீழே விழுந்தது. அம்மா இறங்கினாள். பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். மண் வெட்டப் போகிறாள் என்றுதான் அய்யாவும் நினைத்திருப்பார். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கி மூட்டத்தின் மேல் போட்டாள். பூச்சு பெயர்ந்து விழுந்தது. மூச்சுக்கு நின்றாள். மறுபடியும் தூக்கிப் போட்டாள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் நின்று நின்று வெட்டினாள். உள்ளே காற்றுப் போனது. அதுவரை உறுமிக்கொண்டிருந்த தீ கூரை உயரத்துக்கு எழுந்தது.

அய்யா வெட்டரிவாளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். அதைத் திருப்பிப் பிடித்திருந்தாரா, கூர்ப்பக்கம் வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்க நேரம் இல்லை. காலடியில் கிடந்த கருவேலக் கட்டையை எடுத்து அவர் கையில் என் பலம் முழுவதையும் வைத்து அடித்தேன். எலும்பு ஒடிந்த சத்தம் தீயின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அரிவாள் விழுந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எரிகிற மூட்டத்தைப் பார்த்து ஓவென்று அழுதார். எங்களைப் பார்த்து அழவில்லை. பெற்ற அப்பனை அடித்தேன் என்று இன்றுவரை ஊரில் சொல்கிறார்கள். ஆமாம், அடித்தேன். நினைத்துப் பார்த்தால் வருத்தம் ஒன்றும் வரவில்லை.

கையில் சேறு காயாமலே அம்மா அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். அதன் பிறகு அவள் அந்த ஊருக்குத் திரும்பவில்லை.

அடுத்த வாரம் டாக்டரிடம் சண்டைக்குத்தான் போனேன். பீடியைத் தவிர உலகத்தில் வேறு புகையே இல்லையா, ஒரு வார்த்தை விளக்கமாகக் கேட்டிருந்தால் என்ன என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அம்மாவின் வெந்த காலையும் வீங்கிய கன்னத்தையும் பார்த்துவிட்டு, தப்பு என்னுடையதுதான் என்றார். மற்றவர்கள் மாதிரி மழுப்பவில்லை. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். விறகடுப்பு, மூட்டம், கரியைச் சல்லடையில் சலிக்கும்போது பறக்கும் தூசி, ஒரே அறையில் அய்யாவின் பீடி. குழந்தையில் நெஞ்சுச் சளி கட்டிப் பிழைத்தாளா என்றுகூடக் கேட்டார். பிழைத்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்துக் குழி வெட்டிய கதை எங்கள் வீட்டில் உண்டு.

"ஒவ்வொண்ணும் ஒரு அடிம்மா. எல்லாம் சேந்துதான் நுரையீரலை இப்படி ஆக்கியிருக்கு. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றார்.

அடி என்று அவர் சொன்னது எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. மூச்சின் பலத்தை அளக்கும் குழாயில் அம்மாவை ஊதவைத்த பிறகு என்னையும் ஊதச் சொன்னார். சின்ன வயசிலிருந்து அதே புகையில் வளர்ந்து, இப்போது மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்கிறாயே என்று திட்டினார். இப்போது மூக்கை மூடித் துணி கட்டாமல் நான் வேலைக்கு நிற்பதில்லை. அறையில் கேஸ் அடுப்புதான். அம்மா இன்ஹேலரை வாயில் வைத்து மருந்தை உறிஞ்சுகிறாள், மெதுவாக நடக்கிறாள், மாடிப்படி மட்டும் ஆகாது.

போன தை மாதம் அத்தை போன் செய்தாள். அய்யாவுக்கு மூச்சு முட்டுகிறது, அதே டாக்டரிடம் கூட்டி வருகிறாளாம், நாங்களும் வர வேண்டுமாம். எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று வைக்கப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்த அம்மா, "நான் வாரேன்னு சொல்லு" என்றாள்.

அய்யா பாதியாகிப் போயிருந்தார். நான் ஒடித்த மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஊதிப் பார்க்கும் குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஊதுவதற்கு முன் சில கேள்விகள் என்றார். இப்போதெல்லாம் அவர் தனித்தனியாகக் கேட்கிறார். பீடி சிகரெட் குடிப்பீர்களா, அடுப்புப் புகை உண்டா, மூட்டப் புகை உண்டா.

"பீடியா? அந்தப் பழக்கமே கெடையாது சார். எல்லாம் மூட்டப் புகைதான்" என்றார் அய்யா. அத்தை தலையை ஆட்டினாள். அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு புடைத்துக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். டாக்டர் காத்திருந்தார்.

"குடிப்பாக சார். வாக்கப்பட்ட நாள்லருந்து நாந்தான் பத்த வச்சுக் குடுத்தேன்."

அய்யா கையிலிருந்த குழாயை மேஜை விளிம்பில் பக்குவமாக வைத்தார். அம்மாவின் பக்கம் திரும்பினார். கையை ஓங்கினார். ஓங்கிய கை தோளுக்கு மேல் போகவில்லை. நெஞ்சுக்கூடு குழிந்து குழிந்து எழும்ப, கண் பிதுங்க, வாயைத் திறந்து திறந்து மூடினார். கை தானாக மடியில் விழுந்தது. அம்மா அவர் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஊதுங்க" என்றாள்.

அவர் வாங்கி வாயில் வைத்துக்கொண்டார்.